சட்டைக் கை

கிஷோர்: ...பூல் டேபிள தொடாத மாமே. இப்பதான் துணிய பிரஷ் போட்டு முடிச்சேன். ஓனர் பாத்தா கத்துவாரு.

அழகேசன்: தொடல, சும்மா நிக்கிறேன். கடை தொறக்க இன்னும் ஒரு மணி நேரம் கீதே. ஒரு கேம் போடலாமா?

கிஷோர்: வாணாம்.

அழகேசன்: இன்னாடா, பயமா?

கிஷோர்: சாம்பியன் கூட ஆட எனக்கு இன்னா தகுதி கீது?

அழகேசன்: டேய்... வுடுடா. பத்து ஆட்டம் ஆடினா எட்டு நீதான் ஜெயிப்ப. ஊருக்கே தெரியும்.

கிஷோர்: சரி, விஷயத்துக்கு வா. கரையான்சாவடிலேர்ந்து அம்பத்தூருக்கு காலங்காத்தால வண்டிய வுட்டுகினு வந்தது என் மூஞ்சிய பாக்கவா?

அழகேசன்: உன் மூஞ்சிய வர்ற வழியிலயே பாத்துட்டேனே. மேனாம்பேடு முக்குல எம்மாம் பெரிய பேனரு! 'நேர்மையின் சிகரமே'ன்னு... பல்லக் காட்டிகினு நிக்கிற.

கிஷோர்: அது பழைய போட்டோ.

அழகேசன்: அதுக்குக் கீழ உங்க நைனா நிக்கிறாரு. டீ குடிக்க வர்றவன் ஒருத்தன வுடல. புடிச்சு நிறுத்தி போன்ல அந்த வீடியோவ காட்டுறாரு. எனக்கும் காட்டினாரு.

கிஷோர்: உனக்கேவா?

அழகேசன்: எனக்கே. "பாரு அழகேசா, ரெண்டு பேரும் எட்டுக்கு எட்டு. இது கடைசி கேமு. எட்டாம் நம்பர் பால எம் புள்ள உள்ள போட்டுட்டான். ஒம்போது மட்டும்தான் பாக்கி, அது குழி வாய்கிட்டயே நிக்குது. அத்த தட்டினா கப்பு இவனுக்கு. அப்ப பாரு, கைய தூக்குறான். என் சட்டைக் கை ஒம்போதாம் பால்ல பட்டுச்சு, இது பவுலு, சான்ஸ் எதிராளிக்குன்னு தானா சொல்றான். ரெஃபரி கூட பாக்கல அழகேசா"ன்னு... எதிர்ல ஆடினதே நான்தான்றத மறந்துட்டாரு மனுஷன்.

கிஷோர்: வயசாயிடுச்சு.

அழகேசன்: சொல்லும்போதே அழுவுறாரு மச்சான்.

கிஷோர்: ...டீ சொல்லட்டா?

அழகேசன்: உங்க நைனாவே எடுத்தாறேன்னாரு. இன்னிக்கு சாயங்காலம் எத்தினி மணிக்கு விழா?

கிஷோர்: ஆறு. அந்த புது பிளாட்டு கீதுல்ல, ஐ.டி.காரங்க எல்லாம் இருக்குறது... அரவிந்தன் சார்னு செகரட்டரி. சின்னப் பசங்கள உக்கார வெச்சு 'நேர்மை'ன்னு ஒரு பத்து நிமிஷம் பேசணுமாம்.

அழகேசன்: பேசிடுவ. இந்தா, இத்த படி.

கிஷோர்: இன்னாது இது... இரு, உன் கட்ட வெரல காட்டு. காத்தாலயே இம்மாம் நீலமா?

அழகேசன்: ஊட்டுல கொஞ்சம் பிராக்டீஸ் பண்ணேன்.

கிஷோர்: க்யூ குச்சி முனையில தேய்க்கிற நீல சாக்கு அது. உலகமே முனையில தேய்க்கும், நீ மட்டும் கையில கசக்குவ. சோத்துல கூட நீலம்னு உன் பொண்டாட்டி மோகனப்பிரியா திட்டுறது நெசம்தான்.

அழகேசன்: பேப்பர படிடா மொதல்ல.

கிஷோர்: படிச்சுகினுதான் கீறேன்... 'சொந்தக் காரணத்தால்'... 'இரண்டாம் இடம் பெற்ற'... டேய். இன்னா இது?

அழகேசன்: வியட்நாம் போட்டிக்கு நான் போவல. சங்கத்துக்கு நேத்தே மெயில் போட்டுட்டேன். ஜெயிச்சவன் போவலன்னா ரெண்டாவது வந்தவன் போலாம்னு ரூலு. நீ கையெழுத்து போடணும். பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும்.

கிஷோர்: பைத்தியமாடா உனக்கு? அங்க போயி இந்தியா சட்டைய போட்டாதான் உனக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை! வயசு தாண்டுது, இதான் கடைசி வருஷம்னு நீதான என் தோள்ல சாஞ்சு அழுத?

அழகேசன்: அழுதேன். அதுக்கின்னா?

கிஷோர்: ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுகினு எத்தினி நாளிக்கு சோத்துப் பொட்டலம் டெலிவரி பண்ணிகினு இருப்ப?

அழகேசன்: அது என் பாடு. குழி வாயில பால வெச்சுகினு பவுலுன்னு சொன்னவன் நீ. அந்தச் சட்டை உனக்குத்தான் நாயம்.

கிஷோர்: எனக்கு வாணாம்.

அழகேசன்: ஏன்?

கிஷோர்: காசு இல்ல. ரெண்டரை லட்சம் ஆவும். டிக்கெட்டு, ரூமு, என்ட்ரி... சங்கம் ஒத்த ரூபா குடுக்காது. நம்ம ஆட்டத்துல தோத்தா கஷ்டம், ஜெயிச்சா கடன். உனக்குத் தெரியாததா?

அழகேசன்: அத்தயும் பேசிட்டேன். பிளாட்டுக்காரங்க மூணு லட்சம் வசூல் பண்ணி வெச்சிருக்காங்க. சாயங்காலம் மேடையில குடுப்பாங்க. உன்கிட்ட சொல்லாதன்னு அரவிந்தன் சார் சத்தியம் வாங்கினாரு.

கிஷோர்: ஐயோ...

அழகேசன்: இன்னாடா ஐயோ?

கிஷோர்: பாஸ்போர்ட்டு... பாஸ்போர்ட்டு எங்கயோ போட்டுட்டேன்.

அழகேசன்: உங்க அம்மா பீரோல கீது. கேட்டுட்டேன்.

கிஷோர்: நைனாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணும். அவர வுட்டுட்டு...

அழகேசன்: அந்த முட்டிய வெச்சுகினுதான் மூணு நாளா பேனருக்குக் கீழ நிக்கிறாரு. டேய், ஏண்டா இப்டி நழுவுற? என் கண்ண பாத்து சொல்லு.

கிஷோர்: நீ பாரேன் என் கண்ண. நீயும்தான் வந்ததுலேர்ந்து தரைய பாத்துகினு நிக்கிற.

லோகநாதன்: இன்னாடா ரெண்டு பேரும் சண்டையா? புடிங்க டீய. சூடு ஆறிடப் போவுது.

கிஷோர்: ஏன் நைனா நடந்து வந்த?

லோகநாதன்: வர்ற வழியெல்லாம் நாலு பேரு நிறுத்திப் பேசுறான். முட்டி வலியே தெரியல. அழகேசா, கேளு. இவன் ஜெயிச்சிருந்தா வேப்பம்பட்டுல கீற கடைசி ஒரு கிரவுண்டு நெலத்த வித்துடலாம்னு ஆளக் கூட கூட்டியாந்தேன். விமானம் ஏத்தணும்ல?

அழகேசன்: தெரியும் நைனா.

லோகநாதன்: இப்ப நெலமும் கீது, பேரும் கீது. நெலம் எங்கப்பன் குடுத்தது. இந்தப் பேரு எம் புள்ள சம்பாரிச்சது. ஏர் புடிச்ச குடும்பம்டா, எங்க வம்சத்துல எவன் மூஞ்சியும் பேனர்ல வந்ததில்ல.

கிஷோர்: நைனா, ஊட்டுக்குப் போ.

லோகநாதன்: போறேன் போறேன். அந்தச் சட்டைய இன்னும் தோய்க்கல அழகேசா. சாமி மாடத்துப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கேன். டேய், சாயங்காலம் அத்தயே போட்டுகினு வா. பசங்களுக்கு அந்தக் கைய காட்டணும்.

கிஷோர்: சரி.

லோகநாதன்: ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். வீடியோல பாத்தா நீ சட்டைக் கைய முழங்கைக்கு மேல மடிச்சுல்ல வுட்டிருக்க? அது எப்டிடா பால்ல பட்டுச்சு?

கிஷோர்: ...மடிப்பு அவுந்துடுச்சு நைனா.

லோகநாதன்: மாட்டும்போது பாத்தனே. மடிச்சது மடிச்சாப்லயே கீதே.

கிஷோர்: நைனா...

லோகநாதன்: சரி வுடு. எங்கனா பட்டிருக்கும். எனக்கு இன்னா தெரியும் இந்த ஆட்டத்தப் பத்தி? உனக்குத் தெரியாததா? வரேன் அழகேசா. மோகனப்பிரியாவையும் பசங்களையும் சாயங்காலம் கூட்டியா.

அழகேசன்: ...சரி நைனா.

கிஷோர்: போயிட்டாரா?

அழகேசன்: போயிட்டாரு. படியில பாத்து எறங்குறாரு.

கிஷோர்: ஷட்டர எறக்கு.

அழகேசன்: எதுக்குடா?

கிஷோர்: எறக்கு மாமே... படல.

அழகேசன்: இன்னா?

கிஷோர்: சட்டைக் கை படல. எங்கயும் படல. ஒரு நூலு கூட படல.

அழகேசன்: படலியா?

கிஷோர்: அடி என்ன. காறித் துப்பு. ஏதாச்சும் பண்ணேன், ஏன் மரம் மாதிரி நிக்கிற?

அழகேசன்: சொல்லு.

கிஷோர்: பைனலுக்கு மொத நாள் மத்தியானம் ஆவடி பாபு வந்தான். பந்தயம் கட்டுறவங்களுக்கு ஏஜென்டா சுத்துவானே, அவன்தான். பாம்பே பார்ட்டி, ரெண்டு லட்சம், கடைசி கேம்ல ஒரே ஒரு பால வுட்டுடு, போதும்ன்னான். மொதல்ல செருப்ப தூக்கினேன் மாமே. சத்தியமா.

அழகேசன்: அப்புறம்?

கிஷோர்: அப்புறம் ஊட்டுக்குப் போனா, நெலம் பாக்க வந்த ஆளு கூடத்துல உக்காந்துகினு கீறான். அம்மா காபி குடுக்குது. நான் ஜெயிச்சா கிரவுண்டு போவும். தோத்தா ரெண்டு வருஷமா வாங்கின வட்டிக் கடன் எல்லாம் அடையும். இப்டி ஒரு கணக்கு எந்த ஆட்டத்துலனா கீதா சொல்லு?

அழகேசன்: இல்ல.

கிஷோர்: பாபுவுக்கு போன் பண்ணி சரின்னுட்டேன். ஆனா டேபிள்கிட்ட போனா... கை கேக்கல மாமே. ஆறாம் நம்பர வுடலாம்னு தப்பாதான் அடிச்சேன். உள்ள போச்சு. ஏழு... அதுவும் போச்சு. எட்டாம் பால குருட்டாம்போக்குல அடிச்சேன், அது டேபிள் ஓரத்து ரெண்டு கட்டைல மோதி தானா போயி குழில வுழுவுது. ஜனங்க கை தட்டுறாங்க. பன்னெண்டு வருஷமா உள்ள போட மட்டுமே பழக்கின கைடா இது. இதுக்கு தோக்கத் தெரியல.

அழகேசன்: அதனால...

கிஷோர்: அதனால வாயால தோத்தேன். நம்ம ஆட்டத்துல பட்டவன் தானே சொல்லணும்னுதான வழக்கம்? பட்டுச்சுன்னு சொன்னா எவன் இல்லன்னுவான்? கை பொய் சொல்லல, வாய் சொல்லிச்சு. அத்தப் போயி ஊரே தூக்கி வெச்சு ஆடுது. நாப்பது லட்சம் பேரு பாத்துட்டான். எங்கப்பன் சாமி மாடத்துல மாட்டி வெச்சிருக்கான். நான் எங்க போயி சாவுறது?

அழகேசன்: சாவு கீவுன்னு பேசாத. காசு இன்னா ஆச்சு?

கிஷோர்: இந்த டேபிளுக்கு அடியிலதான் கீது. மறுநாளே பாபு குடுத்துட்டான். வட்டிக்காரன்கிட்ட போலாம்னு கெளம்பினேன். முக்குல பேனர் கட்டிகினு இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். ஒரே ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்தேன், அவ்ளோதான்.

அழகேசன்: பிரிச்சியா?

கிஷோர்: ம்... அதுல ஒரு கூத்து. நோட்டுங்க ஓரமெல்லாம் நீலக் கறை. வெரல் வெரலா பதிஞ்சிருக்கு. பாம்பேல எண்ணினவனும் நம்மள மாதிரி சாக்கு புடிக்கிற எவனோ பாவின்னு நெனச்சுகினேன். 

அழகேசன்: அத்த வுடு மச்சான்.

கிஷோர்: அவனப் பத்தி எனக்கு இன்னா? உன்ன நெனச்சாதான் மாமே தூக்கம் இல்ல. நாயமா ஆடி ஜெயிச்சதா நெனச்சுகினு, மோகனப்பிரியா வளையல அடகு வெச்சு டிக்கெட்டு போட்டியாமே... அந்தப் பொண்ணு வெறுங்கையோட நிக்கிறத பாத்தேன். இப்ப எனக்காக அந்த வேலையவும் வுடுறேன்ற. நீ ஜெயிக்கலடா. நான் வித்தேன். அத்தயும் மறச்சு இந்தப் பேப்பர்ல நான் எப்டி கையெழுத்து போடுவேன்? என்ன மன்னிச்சுடு.

அழகேசன்: மன்னிப்பு கேக்காத.

கிஷோர்: ஏன்? கேக்கக் கூட தகுதி இல்லியா எனக்கு?

அழகேசன்: கேக்காதடா... கால்ல வுழுந்து கேக்குறேன், நீ கேக்காத.

கிஷோர்: இன்னா மாமே, ஏன் இப்டி வேர்க்குது உனக்கு? கைய ஏன் பாக்கெட்டுக்குள்ள வெச்சுகினு கீற? எடு... எடு சொல்றேன்.

அழகேசன்: பாம்பே இல்ல மச்சான். கரையான்சாவடி. வளையல வெச்சது டிக்கெட்டுக்கு இல்ல... பாபு கையில குடுக்கறதுக்கு முன்னாடி, அந்த நோட்ட ரெண்டு வாட்டி நான்தான் எண்ணினேன்.