கை நழுவிய இடம்

இந்த நாற்காலி மிஷினில் வார்த்தது, சார். உட்கார்ந்ததுமே முதுகுக்குத் தெரிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. அரசாங்கம் கொடுத்ததில்தானே வந்தவர்களை நீங்கள் உட்கார வைக்க முடியும். டீ நன்றாக இருந்தது. டீயை மட்டும் இன்னும் கையால்தான் ஆற்றுகிறார்கள்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை ரைட்டர் முதலில் எழுதிக்கொள்ளட்டும். காலையில் ரப்பர் ஷீட்டை வெயிலில் போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாற்றி, நானாகவே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன். பத்திரிகையில் வந்த ஒரு பிழையைத் திருத்த வேண்டும். என் அளியன் செல்வதாஸ், அதாவது என் மனைவி குளோரியின் தம்பி, போன மாதம் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்துபோனதாகப் போட்டிருந்தார்கள். இறந்தது சரி. செல்வதாஸ் என்பதும் சரி. துப்பாக்கிதான் தப்பு.

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எளிது.

என் பெயர் ஞானதாசன். சிதறால் பாறைக்குக் கீழே எனக்கு ரப்பர் மரம் நிற்கிற ஒரு விளையும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கும் இருக்கிறது. மரச்சீனி இருந்தால் காட்டுப்பன்றி வரும். பன்றியை விரட்டத்தான் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு பேருக்குத் துப்பாக்கி லைசன்ஸ் உண்டு. எனக்கு உண்டு. செல்வதாஸுக்கும் இருந்தது. அவன் ஷார்ஜாவில் அலுமினியக் கதவு செய்யும் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து, ஊருக்குத் திரும்பி, என் விளைக்கு அடுத்த விளையை வாங்கினான். வந்த கையோடு ஒரு துப்பாக்கியும் வாங்கினான். வடக்கே ஏதோ ஃபேக்டரியில் மிஷினில் செய்தது. ஒரு மோட்டார் சைக்கிள் விலைதான்.

என்னுடையது இங்கிலாந்தில் கையால் செய்தது. இரட்டைக் குழல். மலையில் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மானேஜர் ஊரைவிட்டுப் போகும்போது, கலெக்டர் ஆபீஸில் அனுமதி எழுதி வாங்கி, என் கையில் தந்தார். ஒரு கார் விலை. அதற்காக ரோட்டோரத்து மனையை விற்றேன். என் மகள் அஜிஷாவின் நர்சிங் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மனை அது. அஜிஷா படிக்காமல் போகவில்லை. செல்வதாஸ் ஃபீஸ் கட்டினான். நான் கேட்கவில்லை, அவனாகவே கட்டினான். இந்த இடத்தில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். நீங்களும் சுளிக்கிறீர்கள். விலை என்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் சங்கதி. மிஷின் துப்பாக்கி ஓர் ஆயுசு வரும். கைவேலைத் துப்பாக்கி நாலு தலைமுறைக்கு வரும். நாலு தலைமுறைக்கும் விலையைப் பிரித்துப் பாருங்கள், ஆளுக்கு என்ன வரும்? அதை அஜிஷாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள், புரிந்திருக்கும்.

"காசுக்கேத்த தோசைன்னு கேட்டிருக்கேன், அத்தான். நீரு காச எண்ணிக் குடுத்து தோசைக்கல்ல வாங்கிட்டு வந்திருக்கீரு" என்பான் செல்வதாஸ். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அவன் மோசமானவன் இல்லை. அலுமினியத்தில் இருந்தவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவன் துப்பாக்கி எப்போது அழுத்தினாலும் வெடிக்கும். மழையில் வெடிக்கும், பனியில் வெடிக்கும். சத்தம் கேட்டுப் பன்றிகள் அவன் விளையை விட்டு என் விளைக்கு வந்துவிடும். என்னுடையது அப்படி வெடிக்காது. சில நாள் அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நான் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். நல்ல சாமான் நிதானமாக இருக்கும். ஈரக்காற்று ஆகாது என்பதால் பெரும்பாலும் வெளியே எடுப்பதுமில்லை. குளோரியின் கல்யாண மந்திரகோடிச் சேலையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். பட்டு என்றால் துரு பிடிக்காது. குளோரி சேலை வைத்திருந்த காலிப் பெட்டியை மடக்கி அடுப்பில் போட்டாள். மரச்சீனியைப் பன்றி தின்றது. தின்னட்டும். வருஷா வருஷம் முளைக்கிற சாமான்தானே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் துப்பாக்கியின் விசைக்கு மேலே, பக்கத்து இரும்புத் தகட்டில் ஒரு பறவை செதுக்கியிருக்கும். கவுதாரி மாதிரி. அதன் சிறகுக்குக் கீழே ஒரு கோடு கொஞ்சம் வழுக்கிப் போயிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் சார், கை நழுவிய இடம். மிஷினுக்குக் கை நழுவாது. அங்கே இங்கிலாந்தில் ஒருவன் உட்கார்ந்து செதுக்கும்போது, அவன் பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம், பிள்ளை அழுதிருக்கலாம். நான் அவனைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என் அப்பனைப் பற்றிக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைக் காட்டுவேன். பங்குச்சாமியார் பார்த்திருக்கிறார். அஜிஷாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். அவர்கள் அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள், வேறு வேலை இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம் செல்வதாஸ் வந்தான். குளோரி கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தாள். அவன் திருவனந்தபுரத்துக்குத் தோட்டா வாங்கப் போனவன், கடையில் ஒரு துப்பாக்கியைப் பார்த்து செல்போனில் படம் எடுத்து வந்திருந்தான்.

"அத்தான், கோவப்படப்பிடாது. இதக் கொஞ்சம் பாரும்."

பார்த்தேன். அதே பறவை. அதே சிறகு.

"கோடு வழுக்கியிருக்கது தெரியுதா? உம்ம தோக்குல எங்க வழுக்கிச்சோ, அங்கேயே. கடையில ரெண்டு தோக்கு கெடக்கு. ரெண்டுலயும் அங்கதான். அச்சுல விழுந்த தப்பாக்கும், அத்தான். ஒரு மனுசனுக்க கை ஒரே தப்ப ஒரே எடத்துல ரெண்டு தடவ செய்யாது. மிஷின்தான் செய்யும்."

படம் தெளிவாக இல்லை, சார். அந்தப் போனில் கேமரா மட்டம். ஒரு நிழல் விழுந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதை நான் அவனிடம் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்தான். அப்படி அவன் முன்னால் வைத்ததில்லை.

"நான் வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிரும். அவ பாவம், நல்ல வெல போவும், அஜிஷாக்க கல்யாணத்துக்கு ஆவும்னு நெனச்சிட்டு இருக்கா. இத வித்திருவோம். மேக்கொண்டு வேணுங்கத நான் போடுதேன். கடக்காரன்ட்ட வெல கேட்டுட்டுத்தான் வந்தேன்."

என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். அவன் துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவு.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், கோபத்தில் செய்தேன் என்று நாளைக்கு வக்கீல் யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது. ஒரு பொருளின் மதிப்பைத் தெரியாமலே இவ்வளவு காலம் இருந்துவிட்டானே என்று. "சரிடே, உனக்க தோக்கையும் எனக்க தோக்கையும் பக்கத்துல வச்சிப் பாத்துரலாம்" என்றேன். அவனுக்குச் சந்தோஷம். முன்னால் நடந்தான், நான் என்னுடையதைச் சேலையோடு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் புரை இருக்கிறது. அங்கேதான் அவன் எப்போதும் துப்பாக்கி துடைப்பது. ஸ்டூலில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தான். நான் மந்திரகோடியைப் பிரித்தேன். இரண்டு தோட்டா போட்டேன். ஒன்று டிக் என்றாலும் இன்னொன்று இருக்கிறது என்றுதான்.

முதல் தோட்டாவே வெடித்தது, சார். முதல் அழுத்திலேயே. ஈரக்காற்று வேறு. இத்தனை வருஷம் அதைக் குறை சொன்ன ஒரே ஆள் அவன். அவன் முன்னால்தான் அது பேசியது. அவனால் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றில்தான் எனக்கு வருத்தம்.

அவன் துப்பாக்கியில் ஒரு தோட்டா போட்டு, வாசல் வழியாகச் சரிவைப் பார்த்து அழுத்தினேன். அதுவும் உடனே வெடித்தது, அது வெடிக்கும்தானே. அதை அவன் மடியில் சாய்த்து, எண்ணெய்த் துணியைப் பக்கத்தில் போட்டேன். பன்றிக் காலம், இரண்டு சத்தம் கேட்டாலும் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செல்போனைப் பாறைக்குளத்தில் எறிந்தேன். ஆழமான குளம். ஆள் இறக்கித் தேட வேண்டாம். வீண் செலவு. படமும் தெளிவில்லை என்று முன்பே சொன்னேன்.

நீங்கள்தான் வந்து பார்த்தீர்கள். சிதறல் குண்டில் எந்தத் துப்பாக்கி என்று எழுதியிருக்காது, உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். டாக்டரும் எழுதிக்கொடுத்தார், முடிந்தது. நானும் முடிந்தது என்றுதான் இருந்தேன். பெட்டியை ஒரு பக்கம் நானே தூக்கினேன். அஜிஷா மாமா மாமா என்று அழுதபோது அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டீர்களா? மரச்சீனி வியாபாரி கிளீட்டஸ் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, "கம்பெனித் தோக்குக்க பவரப் பாத்தியா மக்கா, ஒரே வெடி" என்கிறான். இரண்டு பேர் அதே கம்பெனியில் வாங்கலாம் என்று விலை விசாரித்தார்கள். செத்த வீட்டில், சார். மனுஷத்தன்மை வேண்டாமா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று குளோரி சோறு விளம்பிக்கொண்டே பேசினாள். அவன் போனதிலிருந்து அவள் சரியாகப் பேசவே இல்லை. நேற்றுத்தான் பேசினாள்.

"நல்லகாலம், உங்களுக்க தோக்கு வெடிக்காது. இல்லன்னா ரெண்டு பேரையும் பறிகொடுத்திருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு மீன் வைத்தாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். ராத்திரி முழுக்கப் படுத்துக்கிடந்து யோசித்தேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவைத்தால் பாவம். அதனால்தான் வந்தேன். என் அளியன் செல்வதாஸை நான்தான் சுட்டுக் கொன்றேன், என் துப்பாக்கியால், கையால் செய்த துப்பாக்கியால்.

ரைட்டர் என்ன எழுதினார்? நாட்டுத் துப்பாக்கியா? ஓலைக்கொட்டகையில் குழாயை அறுத்துப் பற்றவைக்கிற சாமானுக்கல்லவா அந்தப் பேர்?

"ஓய், எங்க கணக்குல தோக்கு ரெண்டு வகதான். ஒண்ணு கம்பெனி, இல்லன்னா நாட்டுத் துப்பாக்கி. கையால செஞ்சதுன்னு சொன்னா நாட்டுத் துப்பாக்கி. அப்படி எழுதினா உம்ம லைசன்ஸ் அதுக்குச் செல்லாது, லைசன்ஸ் இல்லாத தோக்கு வச்ச கேஸும் சேரும். கம்பெனின்னா இந்த ஒரு கேஸோட போவும். எத எழுத?"

நல்ல மனுஷர், எனக்கு உதவி செய்வதாக நினைக்கிறார். சார், நாட்டுத் துப்பாக்கி என்றே இருக்கட்டும். கேஸ் கூடினால் கூடட்டும். "கையால் செய்தது" என்பது மட்டும் விட்டுப்போக வேண்டாம்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாப் பக்கத்திலுமா? சரி.

சார், ஒரு நிமிஷம். இதைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஞாவன்னாவின் சுழி வழுக்கியிருக்கிறது. இந்தப் பக்கத்திலும் அங்கேயேதான் வழுக்கியிருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டது. ஒரு மனுஷன் கை ஒரே தப்பை ஒரே இடத்தில் இரண்டு தடவை செய்யும், சார். செய்யாது என்றல்லவா அவன் சொன்னான்.

குளோரியிடம் நீங்கள் விஷயத்தைச் சொல்லும்போது இதை முதலில் சொல்லுங்கள். அவள் தம்பி சொன்னது தப்பு.