தண்ணீர் ஏறிய வேன்

மேடம், ஸ்கூடாயில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். இன்று உங்கள் போலீஸ் நிலைய வாசலிலேயே கிடைத்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிறீகாந்தன். யூடியூபில் தமிழில் வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவன். பேட்டரி வண்டி என்றால் எனக்கு உயிர். ஹைட்ரஜன்தான் எதிர்காலம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மோகனதாஸை வாராவாரம் நானே கூப்பிட்டு உட்காரவைப்பேன். நடுநிலை என்றால் நடுநிலை. அவருக்குப் பத்து நிமிடம், பேட்டரி தரப்புக்கும் பத்து நிமிடம். அவர் தடுமாறுகிற, மூக்கைச் சொறிகிற இடங்களை வெட்டாமல் விடுவேன், அவ்வளவுதான். மனுஷன் நல்லவர், பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

சிகாமட்டில் வெள்ளம் வடிந்த வாரம் அதைப் பற்றியே பேசினோம். பேட்டரி தரப்பில் வந்த இன்ஜினியர் ஹேமநாதன் நடுவில் ஒன்று சொன்னார்: "தண்ணி ஏறுன வண்டிய, பேட்டரிய செக் பண்ணாம சார்ஜ் போடவே கூடாது. நெருப்பு புடிச்சிரும்."

மோகனதாஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை வைத்தே அவர் ஒரு வருஷம் ஓட்டிவிடுவார். வெட்டிவிட்டேன். ஹேமநாதன் போன் போட்டு, அதைத் திரும்பச் சேருங்கள் என்று கெஞ்சினார். பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும் என்றேன்.

விஜயன் சிகாமட்காரன். என் பேச்சைக் கேட்டுத்தான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற பேட்டரி வேன் வாங்கினான். என்னை எங்கே பார்த்தாலும் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வான். தங்கமான பையன். நிகழ்ச்சி வெளியான மறுநாள் காலை அவன் அனுப்பிய குரல் செய்தியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"அண்ணே, வேன்ல சீட்டு வரைக்கும் தண்ணி ஏறிருச்சி. இப்ப காஞ்சிருச்சி லா. உங்க புரோகிராமுல பயப்படற மாதிரி ஒண்ணும் சொல்லல. லோஷினிதான் வேணாங்கறா. சார்ஜ் போடலாமா?"

லோஷினி அவன் மனைவி. கெட்டிக்காரி.

போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கூடாது என்றால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பான். நாலு பேரிடம் சொல்வான், மோகனதாஸ் காதுக்குப் போகும், அடுத்த வாரமே என் மானம் கப்பலேறும். "போடு லா, ஒண்ணும் ஆவாது" என்று பதில் அனுப்பினேன். மனசு லேசாகிவிட்டது. ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு வேன் பற்றிக்கொண்டது. உள்ளே சேறு கழுவிக்கொண்டிருந்த விஜயன் வெளியே வரவில்லை.

சாவு வீட்டில் அழுதேன், மேடம், உண்மையாகவே அழுதேன். லோஷினியைப் பேட்டியும் எடுத்தேன். "அண்ணன் சொன்னாருன்னுதான் போட்டாரு" என்றாள். அதையும் வெட்டினேன். வெளியான பேட்டியில் அந்த வரி இல்லாததைப் பார்த்த பிறகுதான் அவள் அவன் போனைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம், தெரிந்தேதான் போடச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். அது ஹைட்ரஜன் வேனாக இருந்திருந்தால் வீடும் சேர்ந்து போயிருக்கும். அந்த வகையில் விஜயனை நான் நல்ல வண்டியாகத்தான் வாங்கவைத்தேன்.