ஸகீனா ராத்தா வாசித்த கிதாபு

விசாலாட்சி: ...அந்த எடத்துல நிறுத்திட்டீங்க. அப்புறம் என்னாச்சு? சட்டுனு வாசிங்க ராத்தா.

ஸகீனா: வந்ததும் வராததுமா... முதல்ல ஒக்காருங்களேன். மூச்சு வாங்குது ஒங்களுக்கு. கையெல்லாம் என்ன, மாவா?

விசாலாட்சி: முறுக்கு சுட்டேன். ஊருக்குப் போற கப்பல்ல அவளுக்கு வேற எதுவும் எறங்காது.

ஸகீனா: ஆருக்கு?

விசாலாட்சி: தெய்வானைக்குத்தான். வேற யாருக்கு.

ஸகீனா: அப்ப... இன்டைக்கேவா? வெள்ளிக்கிழமைக்கின்டு சொன்னீங்களே.

விசாலாட்சி: அவ மாமா அவசரப்படுறாரு. இன்னைக்கே பண்டாரவளை போயி, விடிய ரயில் கோச்சியப் பிடிக்கணுமாம். கடைக்கு முன்னால வண்டி வந்து நிக்குது. அவரு இப்பத்தான் சாப்பிட ஒக்காந்தாரு. அதுக்குள்ள வேலியத் தாண்டி ஓடியாந்தேன், கடைசிய மட்டும் கேட்டுட்டுப் போயிரலாம்னு.

ஸகீனா: கடைசியா...

விசாலாட்சி: ஆமா. தாயில்லாப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக அவ அம்மா வீட்டு ஆளுக வந்தாங்கன்னு வாசிச்சீங்கல்ல. அன்னையில இருந்து நீங்க கிதாபத் தொடவே இல்ல. கேட்டா தலவலிங்கிறீங்க.

ஸகீனா: நெசமாத்தான் தலவலி.

விசாலாட்சி: வெத்தல இடிக்கிற சத்தம் எங்க குசினி அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

ஸகீனா: வெத்தல தலவலிக்கி நல்லம்.

விசாலாட்சி: நல்லாருக்கே கத. நம்ம தெரு மர்ஸூக் நானாவும் கேட்டாரு தெரியுமா, கடைக்கு வந்தப்ப. அந்த வீட்டுல ராத்தாவும் ஒங்க சம்சாரமும் அப்படி என்னதான் அழுது சிரிச்சு வாசிக்கிறாங்கன்னு எங்க வீட்டுக்காரருகிட்டக் கேட்டிருக்காரு.

ஸகீனா: அவருக்கு என்னத்துக்காம்... என்ன சொன்னாரு ஒங்கட மாப்புள?

விசாலாட்சி: அவுக என்ன சொல்லுவாக. எனக்கென்ன தெரியும்னுருக்காக. கிதாபுல வர்ற அந்த வாப்பா மாதிரியேதான். பிள்ளை ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், நடுவுல மனுசன் பேசாம சோறு தின்பாரு.

ஸகீனா: சிரிக்காதீங்க. ஆம்புளைக்கும் வெளங்காதுதான் என்ன செய்யிறன்டு.

விசாலாட்சி: சிரிக்கல ராத்தா. அந்தக் கிதாபு மட்டும் இல்லாட்டி நான் என்னா செஞ்சிருப்பேன்? ரெண்டாந்தாரமா வந்து எறங்குறப்ப, வாசல்ல நின்னு என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு அந்தப் பிள்ள. இந்த ஊருல எனக்குன்னு யாரு இருக்கா? அழுதுக்கிட்டு ஒங்க வீட்டுக்குள்ள வந்தேன். நீங்க இதத்தான் மடியில வச்சிக்கிட்டு இருந்தீங்க.

ஸகீனா: ஓ... மழை அன்டைக்கி.

விசாலாட்சி: அதுல என்ன இருக்குன்னு கேட்டேன். ஒரு புள்ளைக்கும் அதுட சாச்சிக்கும் நடந்த கதன்டு சொன்னீங்க, சாச்சின்னா வாப்பா ரெண்டாவதாக் கட்டுன சின்னம்மான்னீங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. எழுத்தப் பாத்தா ஓதுற அரபி எழுத்து. நீங்க வாயத் தொறந்தா நம்ம பேச்சு.

ஸகீனா: எங்கட பொம்புளைகளுக்கு அப்படித்தான் தங்கச்சி. தமிழெழுத்து படிப்பிக்கல்ல. ஓதத் தெரிஞ்ச எழுத்துலயே தமிழ எழுதி வச்சிருக்கி, நாங்க வாசிக்கிறோம்.

விசாலாட்சி: அத எழுதுன மகராசன் நல்லா இருக்கணும். பக்கத்துல கூப்பிடாத, நீ போயி பக்கத்துல ஒக்காருன்னு அதுல இருந்துச்சு. நான் அப்படித்தான் ஒக்காந்தேன். பெத்த உம்மாட பழைய சேலைய அந்தச் சாச்சி தான் கட்டாம, பிள்ளைக்குப் போர்வையாத் தச்சுக் குடுத்தான்னு வாசிச்சீங்க. வீட்டுக்குப் போயி அன்னைக்கே மூத்தவ பெட்டியத் தொறந்துட்டேன்.

ஸகீனா: தெய்வான அத போத்திக்கிட்டாளா?

விசாலாட்சி: எடுத்து மோந்து பாத்தா. இந்த பதுளக் குளுருல வேற எதப் போத்துனாலும் தள்ளி விடுற பிள்ள, அதுக்குள்ள சுருண்டுக்கிட்டா... அத மடிச்சு இப்ப பொட்டிக்குள்ள வச்சிட்டேன், அடியில.

ஸகீனா: ஒங்களுக்கு அனுப்ப விருப்பமா?

விசாலாட்சி: என் விருப்பத்துல என்ன இருக்கு. மடியில வச்சுக் காதுகுத்தன்னு வந்த தாய்மாமன், கையோட கூட்டிட்டுப் போறேங்கிறாரு. பெத்தவ வீட்டு உரிமை. நான் நேத்து வந்தவ... நீங்க வாசிங்க. அந்தச் சாச்சி என்ன செஞ்சான்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்.

ஸகீனா: கடைசி ஏட்டுல பூச்சி உழுந்திட்டு.

விசாலாட்சி: எங்க, கொண்டாங்க பாப்பம்... எல்லாம் முழுசாத்தான இருக்கு. எழுத்துத் தெரியாட்டிப் போகுது, ஓட்டை தெரியாதா எனக்கு? வாசிங்க.

ஸகீனா: ...சரி. அந்த சாச்சி வெள்ளனவே எழும்பி, புள்ளட தலைக்கி எண்ண வச்சா. பின்னல இறுக்கி இறுக்கிப் பின்னினா. போய்ச் சேரும் வரைக்கும் அவுழப்படாதுன்டு.

விசாலாட்சி: நானும் அப்படித்தான் இன்னைக்கு...

ஸகீனா: வழிக்குச் சோறு கட்டினா. புதுச் சட்ட போட்டு உட்டா. எல்லாம் செஞ்சா. ஒரு பேச்சுப் பேசல்ல.

விசாலாட்சி: அழுதாளா?

ஸகீனா: தெரியாது. கதவுக்குப் பின்னால போய் நின்டா. வண்டில இருந்து பாத்தா அவட கையி மட்டும்தான் தெரிஞ்சிச்சு.

விசாலாட்சி: ஏன் வெளிய வரல?

ஸகீனா: பெத்த உம்மாட ஆக்கள் வந்து கேக்கக்குள்ள, நான் ஆரு தடுக்கன்டு நெனச்சிருப்பா.

விசாலாட்சி: அது நியாயந்தான ராத்தா.

ஸகீனா: நியாயமெல்லாம் பெரிய ஆக்களுக்கு. புள்ளைக்கி என்ன தெரியும்? நம்மள வேணான்டுதான் இவ்வளவு வடிவா உடுத்தி உட்டு அனுப்புறான்டு நெனச்சிட்டு. இவ ஒரு வார்த்த சொன்னா வண்டிய உட்டுக் குதிச்சிருக்கும். வண்டி பசற ரோட்டுல திரும்பும் வரைக்கும் அந்தக் கதவப் பாத்துக்கிட்டே இருந்தன். ஒரு வார்த்த. அவ சொல்லல்ல.

விசாலாட்சி: ...இருந்தேனா?

ஸகீனா: இருந்திச்சு. அந்தப் புள்ள இருந்திச்சு.

விசாலாட்சி: ராத்தா... கிதாபுல அப்படியா போட்டிருக்கு? ஒங்க கண்ணு கிதாபுலயே இல்லையே.

ஸகீனா: இதுல ஒரு கதையும் இல்ல தங்கச்சி. இது நோன்புட சட்டம் சொல்ற கிதாபு. என்ன தின்டா முறியும், எதுக்கு முறியாது... முதல் ஏட்டுல இருந்து கடைசி வரைக்கும் அதுதான்.

விசாலாட்சி: அப்ப அந்தச் சேலை...

ஸகீனா: எங்கட உம்மாட. சாச்சி தச்சித் தந்த. என்ட கலியாணத்துக்குப் பொறகும் வச்சிருந்தன், இத்துப் போகும் வரைக்கும்.

விசாலாட்சி: மறுபடி அவளப் பாக்கவே இல்லையா?

ஸகீனா: மௌத்தாகின செய்திதான் வந்திச்சு. வந்த சனம் சொல்லிச்சு, என்ட சீப்ப அவ கடைசி வரைக்கும் ஆரையும் தொட உடல்லயாம். அதக் கேட்டுத்தான் எனக்கு வெளங்கிச்சு. கேட்டு என்ன செய்ய? ஆருகிட்டப் போய்ச் சொல்ல?

விசாலாட்சி: இத்தன நாளும் எங்கிட்ட அதத்தான்...

ஸகீனா: அன்டைக்கி நீங்க அழுதுக்கிட்டு வந்து நின்டீங்க. எனக்குத் தெரிஞ்சது சொல்லுவம்டு பாத்தன். என்ட கதன்டு சொன்னா ஒங்களுக்கும் பாரமா இருக்கும், எனக்கும் வாய் வராது. கிதாப விரிச்சி வச்சா வந்திச்சு. கடைசி மட்டும்தான் வாசிக்க ஏலல்ல. நல்லதா மாத்திச் சொல்லுவம்டும் நெனச்சன்... அதுக்கும் மனசு வரல்ல. பொய் சொன்னதுக்குக் கோவமா?

விசாலாட்சி: இல்ல ராத்தா.

ஸகீனா: இப்ப இதச் சொல்லி ஒங்கட மனசயும் ஒடச்சிட்டன். பாவம், நீங்க என்ன செய்யிற. மாமன் கேட்டிட்டாரு, ஒங்கட மாப்புளயும் ஓமென்டுட்டாரு.

விசாலாட்சி: அவரு கேக்கல ராத்தா. கூட்டிட்டுப் போங்கன்னு ஊருக்குச் சொல்லிவிட்டது நாந்தான். நம்ம கிட்ட ஒரு நாளும் சிரிக்காத பிள்ள, அவ ஆளுககிட்ட இருந்தாலாவது சிரிக்கட்டும்னு நெனச்சேன். காலையில தலை பின்னுறப்ப, நான் என்ன தப்பு செஞ்சேன் சின்னம்மான்னு கேட்டா... மொத மொத கூப்பிடுறா என்னைய. ஒண்ணும் சொல்ல வாய் வராம இங்க ஓடி வந்துட்டேன். விடுங்க ராத்தா, கையப் பிடிக்காதீங்க. அவரு கை கழுவுறதுக்குள்ள நான் போயி அவகிட்ட, போகாதடின்னு சொல்லணும்.