புரண்டு படுக்கும் இயந்திரம்

தலைமை ஏற்றிருக்கும் மின்நிலைய மேலாளர் அவர்களே, அவர் அருகே அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்கா, வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும் எங்கள் தெருக்காரர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பழைய இரும்பு வாங்கி விற்பவன். மேடை எனக்குப் பழக்கமில்லை, தராசுதான் பழக்கம். நம்மை விட்டுப் போன தலைமைப் பொறியாளரைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். எரிவாயு வராத ஊரில் அவருக்கு ‘கேஸ் சார்’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு அவரே சிரிப்பார்.

அவரை முதலில் நட்புக்காகவா பார்க்கப் போனேன்? இல்லை. விலை பேசப் போனேன். எரிவாயுவில் மின்சாரம் எடுக்க ஊர் எல்லையில் நிலையம் கட்டினார்கள். சுவர் எழுந்தது, புகைபோக்கி எழுந்தது, கப்பலில் வந்த டர்பைனும் இறங்கியது. குழாய் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. வழக்கு, நிலம், அனுமதி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டினார்கள். ஓடாத இயந்திரம் ஒன்று கிடக்கிறது என்றால் எனக்கு மூக்கில் வியர்க்காதா?

அந்தக் கூடத்துக்குள் நீங்கள் யாராவது நின்றிருக்கிறீர்களா? கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கும். நாம் பேசியது கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ பேசியதுபோலத் திரும்பி வரும். கிரேன் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. யாரோ அயர்ந்து தூங்குகிற அறைக்குள் வந்துவிட்டதுபோல என் கால் தானாக மெதுவாக நடந்தது.

கேஸ் சாரும் நிலையக் காவலாளியும் டர்பைனில் நீளமான ஒரு கம்பியைக் கொடுத்து, தம் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் தண்டு கால் சுற்று சுற்றி நின்றது. என்ன சார் இது என்று கேட்டேன்.

“இதோட எடை இதுக்கே எதிரி, கடைக்காரரே. ஒரே பக்கமா கிடந்தா தொய்ஞ்சு வளைஞ்சிடும். தூங்கட்டும், தப்பில்ல. அப்பப்ப புரண்டு படுக்கணும்.”

“எப்ப சார் எந்திரிக்கும்?”

“அது என் கையில இல்ல. எந்திரிக்கும்போது முதுகு நேரா இருக்கணும். அது என் கையில இருக்கு.”

விலை பேச வாய் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தக் கால் சுற்று. மழையா? போனார். காய்ச்சலா? போனார். மகள் கல்யாணத்துக்கு மறுநாளும் மாலை வாசனையோடு போனார். அவருக்கு அடிக்கடி ஒரு கனவு வருமாம். அதில் இயந்திரம் சத்தமே இல்லாமல் ஓடும். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சளாகும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவரவர் சாப்பிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருப்பார்கள். யாரும் கவனிக்காததுதான் அதில் அவருக்குப் பிடித்த இடம்.

ஒருநாள் நிலைய வாசலில், கேஸுக்காக முன்பே பதித்து மூடி வைத்திருந்த குழாய்த் துண்டின் மூடி கழன்று, காற்று உள்ளே புகுந்து ஹோவென்று முனகியது. கேஸ் வந்துவிட்டது என்று காவலாளி ஓடினார். எதிரே டீக்கடைக்காரர் பயந்து அடுப்பை அணைத்தார். அன்று முழுக்க தெருவில் யாருக்கும் டீ இல்லை. கேஸ் சார் வந்து, குழாயில் காது வைத்து, வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு, “காத்துதான். ஆனா சத்தம் இப்படித்தான் இருக்கும், கேட்டு வச்சுக்குங்க” என்றார். ஏமாந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

கடைசி வாரங்களில் அவர் படுக்கையில் விழுந்தார். முதுகில் புண் வராமல் இருக்க அவர் மனைவி, நம் அக்காதான் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டாராம்: “அங்க யாரு திருப்புறா?”

“கடைக்காரர் தம்பி பாத்துக்கிறாரு. நீங்க தூங்குங்க.”

“அவரா? விலை பேச வந்த ஆளாச்சே. பரவால்ல, இரும்போட கனம் தெரிஞ்சவரு.”

இதை அக்கா என்னிடம் நேற்றுதான் சொன்னார். உண்மையில் அங்கே யாரும் திருப்பவில்லை. காவலாளி ஒற்றை ஆள், கம்பி அசையாது. தண்டு வளைந்தால் அது வெறும் இரும்பு. இரும்பானால் என் கடைக்குத்தான் வரும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அது தெரிந்துதான் இன்று காலை அங்கே போனேன்.

நானும் காவலாளியும் தள்ளினோம். நகரவில்லை. குரல் கொடுத்ததும் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். மூன்று பேரும் தோள் கொடுத்தோம். உள்ளே எங்கோ ஒரு முனகல். பிறகு, தூக்கத்தில் ஒருவர் பக்கம் மாறுவதுபோல, மெதுவாக, கால் சுற்று.

மேலாளர் அவர்களே, அந்தக் கதவை மட்டும் பூட்டிவிடாதீர்கள். இனித் திங்கட்கிழமைகளில் என் கடை தாமதமாகத்தான் திறக்கும். அந்த இயந்திரத்தை எடைக்குப் போடுவதென்று நீங்கள் முடிவெடுத்தால் வேறு கடை பாருங்கள். நான் விலை சொல்ல மாட்டேன்.

அக்கா, நீங்கள் அவரிடம் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான்.