நட்டநடுவுல ஒரு தீவு

இருங்க சார், புரியல, மறுபடி ஒருக்கா சொல்லுங்க. கல்லு ஆராய்ச்சி ஆபீசரு நீங்க பாப்பிரெட்டிப்பட்டில தங்கியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டதும், ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டேங்க. எம்பேரு சவுரியப்பன். ஜியாக்ரபி வாத்தியார்.

பூமி மேல்தோலு பெரிய பெரிய பாளமா இருக்குது, ஓரமும் ஓரமும் ஒரசுற எடத்துலதான் நெலம் நடுங்கும். சரிங்களா? எழுபத்துமூணுல சேலத்துல வாத்தியாருங்க எங்களுக்கு கிளாஸ் வெச்சப்ப அப்படித்தான் சொன்னாங்க. அப்ப பாளத்துக்கு நட்டநடுவுல, ஓரத்துக்கு ரெண்டாயிரம் மைல் தள்ளி இருக்குற எரிமலைத் தீவு எதுக்குங்க நடுங்கணும்?

ஓ... அடியிலருந்து பாறைக்கொழம்பு மேல வர வழி தேடி கல்லப் பொளக்குதுங்களா. சரி. அப்பறம்? மலையோட பாரமா? கக்குனதெல்லாம் மேல மேல குவிஞ்சு, பாரம் தாங்காம கடலுக்கடியில தரையே வளைஞ்சு ஒடையுதா? அப்ப ஓரமே தேவையில்லீங்க, அப்படித்தான?

இது எனக்குத் தெரியாதுங்க சார். சத்தியமாத் தெரியாது.

எம்பொண்ணு தெரசா நர்சுங்க. கன்னியாஸ்திரிங்க நடத்துற ஆஸ்பத்திரில வேலைன்னு அப்படியொரு தீவுக்குப் போனா. பசிபிக் கடல்ல. போன வருசம் லெட்டர் போட்டா. அப்பா, வாரத்துக்கு ரெண்டு தடவ தரை ஆடுது, மருந்து பாட்டிலெல்லாம் உருண்டு வுழுது, பயமாருக்குது, வந்துடட்டுமான்னு. நான் அட்லஸ விரிச்சு, ஸ்கேல் வெச்சு அளந்து பதில் எழுதுனேங்க. பைத்தியக்காரி, நீ நடுவுல இருக்கற, ஓரம் எங்கியோ கெடக்குது, வாத்தியார் பொண்ணு இதுக்கெல்லாம் பயப்படலாமான்னு.

ஆமாங்க. நெலம் நடுங்கி, ஆஸ்பத்திரிச் செவுரு அவ மேல வுழுந்துருச்சு. காலைல பத்து மணிக்கு, டூட்டில இருக்கறப்ப. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க.

இங்க மாதா கோயில்ல அவளுக்குப் பூசை வெச்சோம். நோயாளிங்கள வுட்டுட்டு வர மனசில்லாம நின்ன புள்ளன்னு சாமியார் பேசுனாரு. எங்கூட்டுக்காரி அதக் கேட்டுத்தாங்க கொஞ்சம் தேறுனா. இன்னைக்கும் வூட்டுக்கு யார் வந்தாலும் அதத்தான் சொல்லுவா. நானும் தலையாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்.

அவ கடைசி லெட்டரு ஸ்கூல் விலாசத்துக்கு வந்துச்சு. யாருக்கும் காட்டல. நீங்க படிச்சவரு, பாருங்க. இந்த வரிதாங்க... அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், கட்டி வெச்ச பெட்டியப் பிரிச்சிட்டேன்.