தனிலோ மறைத்த கோள்

— பாரேன், ஒர்நெல்லா. நட்சத்திரத்த மறைச்ச வட்டத்துக்குப் பக்கத்துல. புள்ளி தெரியுதா?

— தெரியுது.

— அவ்வளவுதானா? ரெண்டு வருஷமா மறைக்க மறைக்க ஓரத்துல ஒளி கசிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. இப்பப் பாரேன், சுத்தி ஒரே இருட்டு. நடுவுல ஒத்தக் கோள். கத்தவாவது செய்யேன்!

— நட்சத்திரங்கறது லேசர், ஃபுல்வியோ. கோளுங்கறது அரிசி அளவு விளக்கு.

— சரி தாயே, விளக்குதான். இதப் பிடிச்சாத்தான் நாளைக்கு வானத்துல நிஜத்தப் பிடிக்க முடியும். மதியம் காசு குடுக்கற குழு வருது. இந்தப் படத்தக் காட்டினா நம்ம கருவி சிலியில இருக்கற பெரிய தொலைநோக்கிக்குப் போகும். இல்லேன்னா இந்த ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

— இதுவும் கசிவா இருந்தா?

— காத்த உறிஞ்சி எடுத்த தொட்டி, திறந்து பாக்கவா முடியும்? காத்து உள்ள போனா எல்லாம் போச்சு. உள்ள விளக்க வெச்சானா இல்லையான்னு தெரிஞ்சவன் தனிலோ ஒருத்தன்தான். உன் புருஷனாச்சே, வீட்டுல ஒரு வார்த்தை உளறியிருக்க மாட்டானா?

— மாட்டான். வெக்கறதும் வெக்காததும் அவன் இஷ்டம், யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நாமதானே விதி போட்டோம். காலித் தொட்டியிலயும் நாம கோளப் பாத்துருவோமான்னு தெரியணும்னு. சூப்பு ஊத்தும்போது கேட்டாக்கூட சிரிப்பான்.

— பாவிப்பய. போறப்பவாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஐயோ, மன்னிச்சுக்கோ.

— பரவால்ல. சைக்கிள்ல போறவன் சொல்லிட்டா விழுவான்?

— நீ இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருந்திருக்கலாம்.

— வீட்டுல என்ன இருக்கு? பக்கத்து வீட்டுக்காரி தினம் சோளமாவுல பொலெந்தா கிண்டிக் கொண்டாறா. தெருமுனைச் சுவத்துல அவன் படம் போட்ட சாவு நோட்டீஸ். மழைல ஒரு மூலை உரிஞ்சு தொங்குது. பாத்தேன். அழுகை வரல. பசை சரியில்லன்னு தோணுச்சு.

— காபி குடிச்சியா?

— குடிச்சேன்னு நினைக்கறேன்.

— கேளேன், நான் ஆசையில பேசல. அவன் மேசை இழுப்பறையத் திறந்து பாத்தேன். விளக்கு வெக்கற டப்பா காலி. நம்மகிட்ட இருக்கறதே அந்த ஒரு விளக்குதான். அப்ப எங்க இருக்கும்? உள்ளதான்.

— டப்பா காலியா?

— காலி! இது தனிலோதான், ஒர்நெல்லா. அவன் கையால கடைசியா வெச்சது. அறிக்கையில அவன் பேரத்தான் முதல்ல போடப்போறேன். நீயும் ஆமான்னு சொல்லிடு, அனுப்பிடறேன்.

— இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேனே.

— பாரு, பாரு. ஆசை தீரப் பாரு... ஏய், போதும். வாசல்ல கார் வந்துருச்சு. அது என்ன, அவன் கோட்டயா போட்டுட்டு வந்திருக்கே?

— ஆஸ்பத்திரியில ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. கடிகாரம், சாவி, இந்தக் கோட்டு. கோட்டுப் பாக்கெட்டுல இதுவும் இருந்துச்சு. கைய நீட்டு, ஃபுல்வியோ. மெதுவா. அரிசி அளவுதான், கீழ விழுந்தா தேட முடியாது.