ஆடிட் முடிந்த பிறகு

பனிமலை வெயில் நம்மூர் வெயிலைவிட மோசம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். "குளுரு தேசத்துக்குப் போயிட்டு இப்படிக் கறுத்து வந்திருக்கீங்களே சாமி" என்று பெரியாத்தாள் அத்தை கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மேலே வெயில், கீழே பனி, இரண்டு பக்கமும் சுடும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. மூக்கில் இன்னும் தோல் உரிகிறது, பாருங்கள்.

உட்காருங்கள் செல்வக்குமார். கூப்பிட்டதும் வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டீர்கள், அந்த மரியாதைக்காகவே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் மனைவி அன்புசெல்வி எங்கள் பனியன் கம்பெனியின் நெருப்பெரிச்சல் ஊர் யூனிட்டில் புகையில் மூச்சுத் திணறி இறந்து வருஷம் திரும்பிவிட்டது. ஷார்ட் சர்க்யூட் என்று எழுதி எல்லோரும் மூடிவிட்டார்கள். பின்பக்க ஷட்டர் பூட்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டு நீங்கள் ஒருவர்தான் இன்னும் கோர்ட் படி ஏறுகிறீர்கள். நீங்கள் சொல்வது நிஜம். பூட்டித்தான் இருந்தது. அதற்குக் காரணமான மனுஷனை நான் தண்டித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன். செல்போனை மட்டும் அணைத்து மேசைமேல் வைத்துவிடுங்கள். சந்தேகம் ஒன்றும் இல்லை, பழக்கம்.

மகுடேஸ்வரன் என் தங்கை ஜனனியின் கணவர். கம்பெனிக்கு எம்.டி. அவர். செங்கோட்டையன் என்கிற நான் அவருக்கு மச்சான், கம்பெனிக்கு ஃபேக்டரி மேனேஜர். காலையில் மெஷின் ஓடுவதிலிருந்து ராத்திரி லாரி கிளம்புவது வரை என் தலையில். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தால் கோட்டு போட்டுக்கொண்டு கை குலுக்குவது அவர் வேலை. இதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

பையர் ஆள் அனுப்பிப் பாதுகாப்பைச் சோதிக்கிற ஆடிட் அன்றைக்கு எங்கள் கம்பெனி எப்படி இருக்கும் என்று உங்கள் மனைவி சொல்லியிருப்பார். தீயணைப்புக் கருவியின் தூசியைத் துடைப்போம். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைப்போம். ஆடிட்டர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டெய்லர்களுக்குக் காலையிலேயே பாடம் நடக்கும். பின்பக்க ஷட்டர் அன்றைக்கு முழுசாக மேலே ஏறி நிற்கும், காற்று ஜிலுஜிலுவென்று வரும். ஆடிட்டரின் கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் அது இறங்கிவிடும். அந்த வழியாகத் தைத்த பீஸ் திருட்டுப் போய்விடுகிறது என்று மகுடேஸ்வரனுக்குப் பயம். "ஆடிட் முடிஞ்சுதுங்களா மச்சான்? இறக்கிப் போடுங்க" என்பார். எத்தனையோ வருஷமாக இதே பேச்சு.

நெருப்புப் பிடித்த பிறகு இன்னொரு ஆடிட் நடந்தது. அதில் நாங்கள் முதல் இடம். உங்களுக்குச் சிரிப்பு வராது என்று தெரியும், எனக்கும் வரவில்லை. பாதுகாப்பில் சிறந்த சப்ளையர் என்று நார்வே பையர் கோயமுத்தூர் ஹோட்டலில் மேடை போட்டுக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தான். பரிசாக, வடதுருவத்துப் பக்கம் கடலோர மலைகளில் ஒரு வாரம் பனிச்சறுக்கு. மகுடேஸ்வரன் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசினார். அன்புசெல்வியின் பெயரை ஒரு தடவையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பையருடைய பாட்டியின் உடல்நலத்தைக்கூட விசாரித்தார், உங்கள் மனைவி பேரைச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கேடயத்தாலேயே அவர் மண்டையில் போட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பனிச்சறுக்கு எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு குளிர்காலம் குல்மார்க்குக்குப் போய் விழுந்து எழுந்து பழகியிருந்தோம். அது அவருடைய ஆசை, நான் கூடப் போனவன். நார்வேயில் ஆள் ஏற்றிவிடும் இழுவைக் கம்பி எதுவும் கிடையாது. ஒரு படகில்தான் தங்கல். காலையில் கரையில் இறங்கி, கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கிற மலைமேல் சறுக்குக் கட்டையோடு நடந்தே ஏறி, உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறும்போது வழுக்காமல் இருக்கக் கட்டையின் அடியில் நீளமாக ஒரு துணியை ஒட்டிக்கொள்வார்கள். மேல்நோக்கித் தள்ளினால் நழுவும், பின்னால் சரிந்தால் பனியைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கையில் வாங்கினதும் முதலில் செய்தது, தடவிப் பார்த்து, துணியின் கனம் எத்தனை ஜி.எஸ்.எம். இருக்கும் என்று சண்டை போட்டதுதான். வழிகாட்டிப் பெண் இங்க்ரித் எங்களை வேடிக்கை பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்க்ரித் ஆளுக்கு ஒரு பீக்கன் கொடுத்தாள். நெஞ்சோடு வாரால் கட்டி, ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிற சின்னக் கருவி. பனி சரிந்து ஆளை மூடினால் அது உள்ளேயிருந்து சிக்னல் அனுப்பும். மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும்படி மாற்றிக்கொண்டு, சத்தம் கூடுகிற இடத்தில் தோண்டுவார்கள். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றாள். தினமும் காலையில் படகின் மேல்தட்டில் வரிசையாக எங்களை அவள் முன்னால் நடக்கவிட்டு, ஒவ்வொருவர் கருவியும் வேலை செய்கிறதா என்று பார்ப்பாள்.

நான்காம் நாள் காலையில் அந்தச் சோதனை முடிந்தது. இங்க்ரித் கரைக்குப் போகிற ரப்பர் படகை இறக்கப் போனாள். பையர் ஆபீஸிலிருந்து வந்த இரண்டு பேரும் அவளுக்கு உதவப் போனார்கள். மகுடேஸ்வரன் ஜாக்கெட்டைத் திறந்து பீக்கனைக் கழற்றினார்.

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருக்குதுங்க மச்சான். கொண்டுபோயி என்ற படுக்கைல வெச்சுப்போட்டு வாங்க."

"அந்தப் பொண்ணு திட்டுமுங்க மாப்பிள்ளை."

"செக் பண்றதுதான் முடிஞ்சுதுங்களே. இனி யாரு பாக்கறாங்க?"

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டான். சோதனை என்பது சோதிக்கிறவர்களுக்காக நடப்பது என்று நாங்கள் அத்தனை வருஷம் பழகியிருந்தோம். அது அவர் உயிருக்காக என்று அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இங்க்ரித்தைக் கூப்பிட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு உள்ளே போய், அணைத்து, அவர் தலையணைமேல் வைத்துவிட்டு வந்தேன். அப்போது மனசில் எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மத்தியானம் வரை ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே கறுப்பாகக் கடல், அதில் நகத்தளவு எங்கள் படகு. இறங்கும்போது பாதியில் ஒரு பள்ளம் குறுக்கிட்டது. அதற்குமேல் செங்குத்தான சரிவு, முழுக்க வெயில் பட்ட பனி. இங்க்ரித் எங்களை நிறுத்தி மெதுவாக, கைஜாடையோடு சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒரே ஆளாகக் கடக்க வேண்டும். நடுவில் எதற்காகவும் நிற்கக் கூடாது. அந்தப் பக்கம் பாறை மறைவில் போய் நிற்க வேண்டும். அவள் முதலில் போனாள். பையர் ஆட்கள் இரண்டு பேரும் போனார்கள். மூன்று பேரும் பாறைக்கு அந்தப் பக்கம் மறைந்தார்கள். பிறகு மகுடேஸ்வரன் கிளம்பினார். நான் கடைசி.

அவர் நடுப்பள்ளத்துக்கு வந்தபோது நான் செல்போனை எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அங்கயே நில்லுங்க. பின்னாடி கடல் அருமையா வருது."

போட்டோ என்றால் அவர் எங்கே வேண்டுமானாலும் நிற்பார். நின்றார். திரும்பி, கையில் ஊன்றும் கம்பு இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு சிரித்தார். இன்னும் கொஞ்சம் கீழே போங்கள் என்றேன், போனார். வெயில் கண்ணாடியைக் கழற்றுங்கள் என்றேன், கழற்றினார். பனி சரியும் என்று எனக்குத் தெரியாது. சரியலாம் என்று இங்க்ரித் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு அது சரியாமலே போயிருந்தால், ஜனனி ஹாலில் மாட்டிக்கொள்ள நல்ல படமாக இருந்திருக்கும்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. தார்ப்பாயை உருவினாற்போல ஒன்று கேட்டது, அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

இங்க்ரித் ஓடி வந்தாள். கருவியைத் தேடும்படி மாற்றச் சொல்லிக் கத்தினாள். நாங்கள் மாற்றிக்கொண்டு, சரிந்து குவிந்த பனிக்கு இறங்கினோம். எதுவும் ஒலிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கருவியைத் தட்டினாள், உதறினாள், காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து, கடைசியாக அவரை எங்கே பார்த்தாய் என்று கேட்டாள். நான் கீழே, இடது பக்கம் கை காட்டினேன். மூன்று பேரும் அங்கே ஓடி, நீளக் கம்பிகளைப் பனிக்குள் குத்திக் குத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் அவருடைய கம்பின் நுனி வெளியே தெரிந்தது. சிவப்புக் கைப்பிடி. அது லேசாக அசைந்தது. நான் பக்கத்தில் போனேன். காலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மேலே கொஞ்சம் பனியைத் தள்ளிவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். உங்கள் மனைவியை நினைத்துக்கொண்டேன். உள்ளே இருட்டு எப்படி இருக்கும், தட்டினால் யாருக்கும் கேட்காதது எப்படி இருக்கும் என்று இவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

ஹெலிகாப்டரில் நாய் வந்தது. அது நேராக என் காலடிக்குத்தான் வந்து முகர்ந்தது. அதிர்ச்சியில் இடம் மாற்றிக் காட்டிவிட்டேன் என்று எனக்காக அவர்களே காரணம் சொன்னார்கள். போலீஸில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். நல்ல மனுஷி, என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பீக்கன் படகில் தலையணைமேல் கிடைத்தது. அவராகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவானது. அது முழுப் பொய்யும் இல்லை. இங்க்ரித் மட்டும் தான் திரும்ப ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும் என்று அழுதுகொண்டே இருந்தாள். உன் மேல் தப்பில்லையம்மா என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

ஜனனி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கம்பெனியை என் பெயருக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். பனி சரிந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் படகில் அவர் என்னிடம் பேசினார். அந்தப் பருவத்தில் அங்கே வெயில் சீக்கிரம் இறங்காது, தண்ணீரெல்லாம் பளபளவென்று கிடந்தது. அவர் சூப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"செத்துப்போன அந்தப் பொண்ணு கனாவுல வருதுங்க மச்சான். ஊருக்குப் போனதும் செல்வக்குமாரப் பாத்து, ஷட்டர் பூட்டியிருந்துதுன்னு சொல்லிப்போடறனுங்க. கோர்ட்லயும் சொல்லோணும். என்ன ஆகுதோ ஆகட்டும்."

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை."

"இல்லீங்க. நெருப்புப் புடிச்ச அன்னிக்கு நான் பல்லடத்துலிருந்து போன் பண்ணித் தொறக்கச் சொன்னேன்தான? தொறந்துட்டேன்னு சொன்னீங்கதான? அப்பறம் எப்படீங்க அந்தப் புள்ள ஷட்டருக்கிட்டவே கெடந்துது? அதையும் கோர்ட்ல ஒரே வார்த்தைல கேட்டுப்போட்டு விட்டுடறேன்."

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் இறக்கு இறக்கு என்று சொன்ன வாய். சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கை காட்டுவது என்னை. அந்த அநியாயத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நெருப்புப் பிடித்த அன்றைக்கு நடந்தது இதுதான். ஷிப்மெண்ட் கிளம்புகிற நாள். பேக்கிங் முடிந்த பெட்டிகளை முன்வாசல் வழியாக வெளியே எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். புகை குறைவாகத்தான் இருந்தது. ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பின்பக்கம் ஷட்டர் தகரம் படபடவென்று அடித்தது. காற்று என்று நினைத்தேன். காற்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. திறந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் பீஸ் எல்லாம் போய்விடும். பிறகு, சத்தம் நின்ற பிறகு, போய்த் திறந்துவிட்டேன். தீயணைப்பு வண்டி வரும்போது அது திறந்துதான் இருந்தது.

டீ ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்கிறேன். அழாதீர்கள் செல்வக்குமார். வழக்கை மட்டும் இந்த வாரம் வாபஸ் வாங்கிவிடுங்கள், வக்கீலிடம் நானே பேசுகிறேன். உங்களுக்காக நான் என் தங்கையின் தாலியையே அறுத்திருக்கிறேன், அதை நீங்கள் மறக்கக் கூடாது. பூட்டச் சொன்னவரைத் தண்டித்தாகிவிட்டது. பூட்டினவன் மேல் உங்களுக்கு என்ன கோபம் இருந்துவிடப் போகிறது?